கரை மடித்த கோடி

கூதிர் காலம் சேர்வராயன் மலையின்மேல் வந்து அமர்ந்திருந்தது. பெய்வதா ஓய்வதா என்று தெளியாத வானம், தூறலாகவும் பனியாகவும் மரங்களுக்கிடையே இறங்கி நின்றது. சில்வர் ஓக் இலைகள் காற்றில் புரண்டு தம் வெண்ணிற அடிப்புறத்தைக் காட்டின; அவற்றின் நிழலில் காப்பிப் பழங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு பழத்தின் கீழும் ஒரு நீர்த்துளி விழாமல் தொங்கியது. அழுது முடித்த பின்னும் இமையில் தங்கிவிடும் துளியை அது ஒத்திருந்தது. ஏரி இருந்த இடத்தில் வெண்மை மட்டுமே இருந்தது. மாதா கோயில் மணி ஒலித்தபோது அவ்வொலி நெடுந்தூரம் செல்லாமல், ஈரத் துணியில் சுற்றி வைத்தாற்போல் அருகிலேயே அடங்கிற்று. சமவெளி மனிதர் வெயிலைக் கண்டு எழுகின்ற அவ்வேளையில், மலையில் மட்டும் இறைவன் தன் விளக்கைச் சற்றே தணித்து வைத்து, துயின்றுகொண்டிருக்கும் எவரையோ எழுப்பாதிருக்கக் கருதினான் போலும்.

அந்த மங்கலில், அடிவாரத்திலிருந்து ஏறிவந்த பஸ் இருவரை ஏற்காட்டில் இறக்கிவிட்டது.

முன்னே இறங்கியவர் சாந்தாமேரி. ஐம்பது வயதைக் கடந்தவர். சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, வாதாடுவதினும் வழக்கின் அடியில் கிடப்பதைத் தேடுவதே தம் இயல்பென்று கண்டு, கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துத் துப்பறிவாளரானவர். பின்னே இறங்கியவன் அவருடைய உதவியாளன் மாரிசாமி. முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவன். வேலையை விட்ட பின்னும் அவன் நா இன்னும் படிக்கட்டில்தான் நின்றது.

"எதிர்ல வர்ற ஆளே தெரியலீங்கம்மா. இதுல துப்பு எங்கத்தத் தெரியும்?" என்றான் அவன், மப்ளரைக் காதோடு இறுக்கிக்கொண்டு.

"தானா தெரியறதா இருந்தா உனக்கு எதுக்கு டிக்கெட் எடுத்தேன் மாரி?"

அவர்களை அழைத்துச் செல்ல மரியசெல்வி காத்திருந்தாள். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கும் இளம்பெண். அவ்வாரத் தொடக்கத்தில் சேலத்துக்கு வந்து, சாந்தாமேரியின் மேசை முன் அமர்ந்து, அழுகைக்கு நடுவே அவள் சொன்ன செய்தி இதுதான்.

சென்ற மாதம் சென்னைக் கோட்டையில் சட்டமன்றம் கூடியபோது, மலைநிலங்களைத் தலைமுறையாக உழுதுவருவோர்க்குப் பட்டா வழங்க ஒரு திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஒரே வாக்கில் அது தோற்றது. அந்த ஒரு வாக்கு, இம்மலைத் தொகுதியின் உறுப்பினர் கருப்பண்ணனுடையது. மலைமக்களுள் பிறந்து, அவர்களாலேயே அனுப்பப்பட்ட அவர், அன்று சபைக்குள் வரவேயில்லை. கட்சிக்காரர்கள் மலையேறி விசாரித்தார்கள். அன்று விடியற்காலையில் அவருடைய கார், அவர் ஊரிலிருந்து இறங்கும் மஞ்சக்குட்டைச் சாலையை மறித்திருக்கும் ஓர் எஸ்டேட் கேட் அருகே நெடுநேரம் நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கேட் காவலர் லாசர், மரியசெல்வியின் தந்தை. கேட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு திறக்க மறுத்தவன் தானே என்று அவர் ஒப்புக்கொண்டார். கருப்பண்ணனைக் கேட்டபோது அவர் வாயே திறக்கவில்லை. அம்மௌனத்தை ஆமென்று கொண்டு, கட்சி சபையில் உரிமை மீறல் புகாரை வைத்தது.

சபைக்குச் செல்லும் உறுப்பினரை வழிமறிப்பது சபையையே வழிமறிப்பதாகும். அக்குற்றத்துக்குக் கூட்டத்தொடர் முடியும்வரை சிறையில் இடும் அதிகாரம் சபைக்கு உண்டு; எந்த நீதிமன்றமும் முதலில் கேட்டாக வேண்டியதில்லை. திங்கட்கிழமை லாசர் உரிமைக் குழுவின் முன் நிற்க வேண்டும். ஏவிவிட்டவர் யார் என்று கேட்பார்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லை. பதில் சொல்லாதது இரண்டாவது குற்றமாகும். இன்று சனிக்கிழமை.

"அப்பா பொய் சொல்றாருங்க," என்று மரியசெல்வி நடந்துகொண்டே சொன்னாள். "அவரு வாழ்நாள்ல யாரையும் நிறுத்துனவரு இல்லீங்க. அன்னைக்கு விடியக்காலைதான் எங்கம்மா செத்தாங்க. நான் ஃபாதரைக் கூப்புட டவுனுக்கு ஓடிட்டனுங்க. அந்த நேரத்துல போயி இவரு எம்.எல்.ஏ.வோட சண்டை கட்டுனாருன்னா யாருங்க நம்புவா?"

மாரிசாமி தன் முடிவை அப்போதே சொல்லிவிட்டான். மனைவி கிடந்த கிடையில் மனிதர் கேட்டைத் திறக்க மறந்திருப்பார், அழுத கண்ணுக்குச் சாவித் துவாரம் தெரியவில்லை, அவ்வளவுதான் வழக்கு. சாந்தாமேரி மறுக்கவில்லை. முதலில் அந்தச் சாவித் துவாரத்தைப் பார்த்துவிடலாம் என்றார்.

ஆனால் எஸ்டேட் வாசலில் சாவித் துவாரம் இல்லை. கேட்டே இல்லை. சாலையின் குறுக்கே நீண்ட மூங்கில் ஒன்று கிடந்தது. அதன் ஒரு முனையில் எதிர்ப்பாரமாக ஒரு கல் கட்டியிருந்தது. முன்பிருந்த இரும்புக் கேட்டைச் சென்ற ஆண்டு மழையில் ஒரு லாரி சாய்த்துவிட்டதாம். அது ஓடைக்குள் கிடந்தது. அதன் கம்பிகளைச் சுற்றிக் கொடி படர்ந்து, நீலப் பூவும் பூத்திருந்தது.

மாரிசாமி கல் கட்டிய முனையைச் சுட்டுவிரலால் அழுத்தினான். மூங்கில் வணக்கம் சொல்வதுபோல் மெதுவாக வானை நோக்கி எழுந்தது.

"எங்க ஊட்டு ஆடு உரசுனாலே இது தொறந்துக்குமுங்கம்மா. இது ஒரு சட்டசபையவே நிறுத்திப்போட்டுதாமா."

காவல் குடிசையிலிருந்து லாசர் வெளியே வந்தார். நெடிய உருவம், கழுத்தில் செபமாலை, மழிக்காத முகம். மகளைக் கண்டதும் அவர் கண்கள் தாழ்ந்தன. சாந்தாமேரி கேட்டவற்றுக்கெல்லாம் முன்பே மனப்பாடம் செய்தவர்போல் விடை சொன்னார். கருப்பண்ணன் எஸ்டேட் ஆட்களுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை, அந்தக் கோபம் தமக்கு, ஆகவே பூட்டினார்.

"பூட்டு எங்கீங்க?"

"தொலைஞ்சு போச்சுங்க."

"பூட்டு தொலையும் லாசர். கேட்டுமா தொலையும்?"

லாசர், மேலே எழும்பியிருந்த மூங்கிலைப் பார்த்தார். பிறகு அதைக் கையால் பற்றிக் கீழே இறக்கினார், குழந்தையைத் தொட்டிலில் இடுபவர்போல் ஓசை எழாமல். "நாந்தாங்க நிறுத்துனேன். தண்டனை குடுத்தாக் குடுக்கட்டும். எஸ்டேட்டுத் தொரை விசாரிச்சா நாலு நாள் கூலி புடிப்பாங்க. அந்த மாதிரி இதுவும் போயிரும்."

சாந்தாமேரி அதிர்ந்தார். சபையின் தண்டனையை எஸ்டேட்டின் தண்டனையென்று அம்மனிதர் எண்ணியிருந்தார். சிறை என்ற சொல்லைச் சாந்தாமேரி எடுத்துரைத்தபோது லாசர் கழுத்துச் செபமாலையைப் பற்றிக்கொண்டார். மகளைத் திரும்பிப் பார்த்தார். ஆயினும் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

"கோபத்துல நிறுத்துனவருன்னா, அந்தக் கோபம் எங்கீங்கம்மா?" என்று திரும்பும் வழியில் மாரிசாமி கேட்டான். விளையாட்டுக் குரல் சற்றுக் குறைந்திருந்தது. "மூஞ்சியில அழுகைதான் இருக்குது."

"காரை நிறுத்தினது அந்த மூங்கில் இல்லை. கார் தானா நின்னிருக்கு. ஏன் நின்னுதுங்கறதுதான் கேள்வி. அன்னைக்கு அந்த வீட்டில் இருந்தது ஒரு சாவு மட்டும். அதைப் போய்க் கேட்போம்."

எஸ்டேட்டின் லைன் வீடுகளில், மரியசெல்வியின் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி பழனியம்மாள். சமவெளியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். சாமி வேறானாலும் சாவுக்கும் பிறப்புக்கும் முதலில் வந்து நிற்பவள் அவள்தான். மரியசெல்வியின் தாய் மரியபுஷ்பத்தைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும் அவளே. வந்தவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டு, அந்த விடியலைக் கேட்குமுன்பே சொல்லத் தொடங்கினாள். மூச்சு எப்படி அடங்கியது, கோழி கூவுமுன் தான் தண்ணீர் சுடவைக்க ஓடியது, திரும்பி வந்தபோது லாசர் கட்டிலின் காலடியில் அமர்ந்திருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட சாந்தாமேரி, பிணத்தின்மேல் என்ன போர்த்தியிருந்தது என்று மட்டும் வினவினார்.

"கோடிதானுங்க. மாதா கோயில் வேதக்காரங்களா இருந்தாலும் இந்த மலையில கோடி இல்லாம எடுக்க மாட்டாங்க. புருசன் ஊட்டுக் கோடி ஒண்ணு, பொறந்த ஊட்டுக் கோடி ஒண்ணு. நான் தண்ணி கொண்டாறப்பவே ரெண்டும் போட்டிருந்துதுங்க."

"அம்மாவுக்குப் பொறந்த ஊடே இல்லீங்களே," என்றாள் மரியசெல்வி.

அவள் அறிந்தவரையில் அது உண்மை. சமவெளியில் ஏதோ மிஷன் விடுதியில் வளர்ந்த அநாதை என்றே தாய் அவளுக்குச் சொல்லியிருந்தாள். பெண்ணொருத்தி இறந்தால் உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டிய புதுத் துணிதான் பிறந்த வீட்டுக் கோடி. உடன்பிறந்தவனே இல்லாதவளுக்கு அதைப் போர்த்தியது யார்?

பழனியம்மாள் தயங்கினாள். "லாசரண்ணனைக் கேட்டனுங்க. கர்த்தர் போட்டாருன்னு சொல்லீட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அந்த நேரத்துல மறுக்காக் கேக்க முடியுங்களா?"

"என்ன புடவை?"

"அதுதானுங்க எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. புடவை இல்லீங்க, வேட்டி. மடிப்புக் கலையாத புதுசு. ரெண்டு பக்கமும் கட்சிக் கரை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கரையை நாந்தான் உள்ளாற மடிச்சு வெச்சு மூடுனனுங்க. மோச்சத்துக்குப் போற பொம்பளைக்குக் கட்சி எதுக்குங்க?"

மாரிசாமிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. அவன் மரியசெல்வியைப் பார்த்தான். அவள் காப்பி டம்ளரைத் தரையில் வைக்க இடம் தேடி, வைக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மலையில் கரைவேட்டி கட்டுவோர் பலர் இருக்கலாம். அந்த விடியலில், அந்த வாசலில், சபைக்கென்று புதிதாய் வாங்கிய வேட்டியைப் பையில் வைத்திருக்கக்கூடியவர் ஒருவர்தாம்.

சாந்தாமேரி அப்பெண்ணின் தோளைத் தொட்டு, மாலைவரை பொறுத்திருக்கச் சொன்னார். வெளியே வந்ததும் மாரிசாமி வழக்கை முடித்துவிட்டான். எம்.எல்.ஏ. கருப்பண்ணன் இறந்தவளின் தம்பி. வழியில் சாவுச் செய்தி கேட்டார், உட்கார்ந்து அழுதார், நேரம் கடந்தது, சென்னை போய்ச் சேருமுன் வாக்கெடுப்பு முடிந்தது. மைத்துனரைக் காப்பாற்ற லாசர் பழியை ஏற்றுக்கொண்டார். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. சாந்தாமேரிக்கும் வேறு விடை தோன்றவில்லை. ஒரு சாட்சி மட்டும் வேண்டுமென்று, கருப்பண்ணனின் கார் ஓட்டுநர் சித்தனைத் தேடிக் கடைவீதிக்குப் போனார்கள்.

சித்தன் ஒரு மெக்கானிக் கடையில், திறந்த என்ஜின் முன் அமர்ந்து ஆறிப்போன பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தான். லாசருக்குச் சிறை என்று கேட்டதும் அவன் கையிலிருந்தது இலையிலேயே விழுந்தது. கேட்டருகே காரை நிறுத்தச் சொல்லி, தன்னைக் காரிலேயே இருக்கச் சொல்லி, துணிப்பையுடன் கருப்பண்ணன் உள்ளே போனதை ஒப்புக்கொண்டான். வெகுநேரம் கழித்து வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போகச் சொன்னார்.

"அதனால சென்னைக்குப் போறப்ப ஓட்டு முடிஞ்சிருச்சு," என்று மாரிசாமி எடுத்துக்கொடுத்தான்.

"இல்லீங்களே. நேரத்துக்கே போயிட்டமுங்க."

சாந்தாமேரி நிமிர்ந்தார்.

"நான் மிதிச்ச மிதிக்கு வெயில் சாயறதுக்குள்ள கோட்டை போயிட்டமுங்க. வாசல்ல எறக்கி உட்டேன். போயிச் சாப்புட்டுட்டு வந்து பாக்கறேன், ஐயா அங்கயே நிக்கறாருங்க. படிக்கட்டுக்கு வெளிய. உள்ளார மணி அடிச்சுது, எல்லாரும் ஓடறாங்க, அந்த அவசரத்துல ஐயாவை ஒருத்தரும் பாக்கலீங்க. ஐயா செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, கையைக் கட்டீட்டு நின்னாருங்க. கதவைச் சாத்துனாங்க. அப்பறந்தான் செருப்பைப் போட்டாரு. யாருகிட்டயும் சொல்லாதேன்னு சொன்னாருங்க."

கட்டி முடித்த விடை மணல்வீடுபோல் சரிந்தது. வழிமறித்தவர் எவருமில்லை, தாமதமுமில்லை. வாசல்வரை சென்றவர், வாக்கைக் கையில் வைத்துக்கொண்டே வெளியில் நின்றிருக்கிறார். விலைபோய்விட்டாரா? விலைபோனவன் எதற்காகச் செருப்பைக் கழற்றுகிறான்?

"என்ன மனுசனோ," என்று மாரிசாமி முணுமுணுத்தான். "உள்ள போகவும் இல்ல, திரும்பி வரவும் இல்ல. தீட்டுக்காரன் கோயில் வாசல்ல நிக்கற மாதிரி நின்னிருக்காரு."

சாந்தாமேரி சட்டென்று அவன் பக்கம் திரும்பினார். "மாரி, உனக்கு எடுத்த டிக்கெட் இன்னைக்குத்தான் செல்லுது," என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

மஞ்சக்குட்டைக்கு அப்பால், ஜீப் போகும் சாலை முடிகிற இடத்தில் ஒரு மலையூர். அதன் கடைசி வீடு கருப்பண்ணனுடையது. சட்டமன்ற உறுப்பினரின் வீடென்று சொல்லும்படி ஒரு தொலைபேசியும், சுவரில் மாலையிட்ட படங்களும் மட்டும் இருந்தன. வந்தவர்களை அமரச் செய்துவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார். நாற்பது வயதிருக்கும். ஏன் வந்தார்கள் என்று கேட்கவில்லை.

சாந்தாமேரி சுற்றி வளைக்கவில்லை. மூங்கிலைச் சொன்னார், மடித்த கரையைச் சொன்னார், கோட்டைப் படிக்கட்டின் ஓரம் கழற்றிய செருப்பைச் சொன்னார். பிணத்தைத் தொட்டவர் கோயிலுக்குள் செல்லாதது இம்மலையின் வழக்கம். அவருக்குச் சபையே கோயிலாய் இருந்தது. ஆகவே அவரை வழிமறித்தது அவரேதான் என்று முடித்தார்.

கருப்பண்ணன் வாசற்படிவரை போனார். வெளியே பனி வாசல்வரை வந்து நின்றது.

"பாதி சரிங்கம்மா," என்றார் திரும்பாமலே. "காவேரிதானுங்க எங்கக்காவோட பொறந்த பேரு. என்னை இடுப்புல தூக்கிட்டே காப்பிப் பழம் பறிச்சவ. லாசர் மச்சானோட போயி வேதத்துல சேந்துட்டாள்னு ஊரு கூடிச்சுங்க. உசுரோட இருக்கறப்பவே அவளுக்குக் கருமாதி பண்ணுனாங்க. எனக்கு மொட்டை அடிச்சு உக்கார வெச்சாங்க. நான் சின்னப் பையன், எதுக்குன்னு தெரியல. அவ அதோ அந்த மேட்டுல நின்னு பாத்துட்டு இருந்தா."

அவர் கை வாசலுக்கு வெளியே, பனிக்குள் எதையோ காட்டியது. மாரிசாமி தலைகுனிந்தான்.

அக்காள் அநாதையென்று மகளிடம் சொன்னது தம்பியைக் காப்பதற்காக. தம்பி மலைமக்களின் பிரதிநிதியாக வளர்ந்தபின், ஊரறியாமல் விடியற்காலைகளில் அந்தக் கேட்டருகே கார் நின்றதுண்டு. மூங்கிலுக்கு அப்பால் அவள், இப்பால் அவர், சில சொற்கள், அவ்வளவே. சாகும்போது, தன்னால் அவன் பெயர் கெடக்கூடாதென்று கணவரிடம் உறுதி வாங்கிக்கொண்டாள். இவற்றையெல்லாம் கருப்பண்ணன் தாழ்ந்த குரலில் சொல்லிவந்து, கோட்டை வாசலை அடைந்தபோது மீண்டும் நின்றார்.

"ஊரு சட்டப்படி எனக்குத் தீட்டே இல்லீங்கம்மா. ஒருக்காச் செத்தவ மறுக்காச் சாக மாட்டா. வழியெல்லாம் அதைத்தான் சொல்லீட்டுப் போனேன். தீட்டு இல்ல, உள்ள போலாம், ஓட்டைப் போட்டுட்டு அப்பறம் அழுதுக்கலாம்னு. படியில காலை வெக்கப் போறப்ப ஒண்ணு தோணிருச்சுங்க. இப்ப நான் உள்ள போனா, அவ எனக்கு யாருமே இல்லைன்னு நானே சொன்ன மாதிரி. மொட்டை அடிச்ச அன்னைக்கு எனக்கு வெவரம் இல்ல. கோட்டை வாசல்ல வெவரம் இருந்துது. அவ செத்ததுக்கு நான் ஒருத்தனாவது தீட்டுக் காக்கணும்னு வெளியவே நின்னுட்டனுங்க."

சாந்தாமேரி எத்தனையோ குற்றவாளிகளை அவர்களுடைய பொய்யின் முன் நிறுத்தியவர். இங்கே குற்றமென்று சுட்ட ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் ஒரு வாக்கு இல்லாமற்போய், பட்டா இல்லாமற்போய், இம்மலையின் எத்தனையோ அடுப்புகள் அவரை நம்பி ஏமாந்திருந்தன; ஒரு நல்ல மனிதர் சிறைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அன்பு செய்த காரியத்துக்கும் விலை உண்டு. அவ்விலையைச் செலுத்துகிறவர் எப்போதும் அன்பு செய்தவராகவே இருப்பதில்லை.

"உங்களை யாரும் வழிமறிக்கக்கூடாதுங்கறது உங்களுக்குக் கொடுத்த மரியாதை இல்லீங்க," என்றார் அவர் மெல்ல. "நீங்க உள்ள போனாத்தான் இந்த ஊர்க் குரல் உள்ள போகும்னு உங்க கூட அனுப்பின காவல். அந்தக் காவலே இப்ப லாசரைப் பிடிச்சுட்டுப் போகுது. அதைத் திருப்பி அனுப்ப உங்களால மட்டும்தான் முடியும்."

"சொன்னா ஊரு என்ன கேக்கும்னு தெரியுங்களா? எவளுக்கோசரம் எங்க பட்டாவை நீ உட்டேன்னு கேக்கும்."

"கேட்கும்."

"நான் என்ன பதில் சொல்லட்டும்?"

திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாளே இருப்பதைச் சாந்தாமேரி நினைவூட்டினார். கருப்பண்ணன் மறுநாள் காலைவரை அவகாசம் கேட்டார்.

திரும்பும் ஜீப்பில் மாரிசாமி மப்ளரைக் காதிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். எஸ்டேட்டில் இறங்கி, மரியசெல்வியிடம் அவள் தாய்க்கு ஒரு பெயரும் ஊரும் தம்பியும் இருந்ததைச் சாந்தாமேரி கூறியபோது, அவள் உரக்க அழவில்லை. அப்பாவிடம் போய், அவருடைய மழிக்காத கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிறு காலை. பூசை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில், புல் இன்னும் மூடாத புதிய மண்மேட்டின் அருகே லாசரும் மகளும் நின்றார்கள். சாந்தாமேரியும் மாரிசாமியும் வேலியோரம் ஒதுங்கியிருந்தனர். கடைவீதியில் பேச்சொலி திடீரென அடங்கியது.

கருப்பண்ணன் நடந்து வந்துகொண்டிருந்தார். காரில் வரவில்லை, விடியலில் வரவில்லை, ஊர் முழுதும் காணும் வெளிச்சத்தில், கையில் ஒரு பித்தளைச் செம்புடன் வந்தார். சந்தைக்கு வந்திருந்த அவருடைய ஊர்ப் பெரியவர்கள் சாலையோரம் நின்றிருந்தார்கள். முன்பெல்லாம் அவரைக் கண்டு கைகூப்பியவர்கள்; முந்தைய இரவு ஊரில் அவர் வாயாலேயே எல்லாம் கேட்டிருந்தவர்கள். அவர் அருகே வந்தபோது, ஒருவர்பின் ஒருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் அதைப் பார்த்தார், நடை தளரவில்லை.

வேலியருகே சாந்தாமேரியிடம் நின்று, நாளைக்குத் தம் காரிலேயே லாசரை அழைத்துப் போவதாகச் சொன்னார். தன்னை எவரும் தடுக்கவில்லை என்றும், வாசலில் நின்றது தன் அக்காளுக்காக என்றும், அவள் பெயரைச் சொல்லியே சபையில் பேசப்போவதாகவும் கூறினார். அதன்பின் அவருக்கு அந்த இருக்கை இருக்குமா என்பதை அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

கல்லறை வாயிலில் செருப்பை விட்டு உள்ளே போனார். வேதக்காரரின் முறை அவருக்குத் தெரியாது. தன் ஊர் முறையும் அவளுக்கு மறுக்கப்பட்டது. ஆகவே தெரிந்த ஒன்றைச் செய்தார். மண்மேட்டின் தலைமாட்டில் முழங்காலிட்டு, செம்பிலிருந்த பாலை நூலிழைபோல் மெல்ல ஊற்றினார். ஈரமண் அதை ஓசையின்றி உள்வாங்கிக்கொண்டது. லாசர் செபமாலையை உருட்டியபடி அவர் பக்கத்தில் முழங்காலிட்டார். இருவருடைய உதடுகளும் அசைந்தன. இரண்டு வேண்டுதலும் வெவ்வேறு சொல்லில், ஒரே பெயரைத் தாங்கி எழுந்தன.

அவர் எழுந்தபோது மரியசெல்வி முன்னால் வந்தாள். ஒருகணம் தயங்கி, "மாமா," என்றாள். பிறகு அவர் காலடியில் குனிந்தாள்.

கருப்பண்ணனின் கை நடுவழியில் நின்றது, பிறகு அவள் தலைமேல் வந்து அமர்ந்தது.

"மழையும் வெயிலும் உனக்கு நேரத்துக்கு வரட்டும் சாமி. நோவு நொடி அண்டாம, நீ போற ஊட்டுல நெறைஞ்சு, நொம்ப நாளைக்கு நல்லா இரு."